டியூப் வெல் தண்ணீரும் கால் ஏக்கர் மிளகாயும்: புதிதாக இறங்குவோருக்கு

பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு பாசனத் தண்ணீரைச் சிக்கனம் பிடிப்பது பற்றிப் பேசினால், "மழை பெய்யிற ஊர்ல இது என்னத்துக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பஞ்சாபில் மோட்டர் போட்டுக் கோதுமை விளைவிக்கிறவர் நிலத்தடி நீருக்காகச் சிக்கனம் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்தில் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவில் 150 விழுக்காட்டுக்கும் மேல் இறைக்கிறார்கள் என்று இந்தியாவின் மத்திய நிலத்தடி நீர் வாரியமே கணக்குச் சொல்கிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் கால் ஏக்கர் மிளகாய் போடுகிறவரின் கதை வேறு. அவர் காப்பாற்ற வேண்டியது உரத்தையும் வேரையும்.

ஒரு சின்னக் கணக்கு. 30 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவர, சுமாரான மோட்டருக்கு ஏறக்குறைய 0.2 யூனிட் மின்சாரம் போதும். சில்லறைக் காசு. அதே 1,000 லிட்டரில் இசி 2 வரும்படி (இசி என்பது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்து எண், மில்லிசீமென்ஸ்/செ.மீ. கணக்கில்) ஏபி உரம், அதாவது ஏ, பி என்று இரண்டு கரைசலாக வரும் உரம் கலந்திருந்தால், அதில் சுமார் 1.3 கிலோ உரம் கரைந்திருக்கும். வேருக்குக் கீழே இறங்கிப் போகிற தண்ணீர் அதையும் சேர்த்துத்தான் கொண்டுபோகிறது. மீதி நின்றுவிடுகிற ஈரம் வேரை அழுகவைக்கிறது. இங்கே மிளகாய் போட்டு நட்டப்பட்ட பலரிடம் போய்ப் பார்த்தால், தண்ணீர் பற்றாமல் போனவர்களைவிட அதிகமாக விட்டுக் கெடுத்தவர்களே ஜாஸ்தி.

சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், கெப்பாளா பத்தாஸ் பக்கம் குடும்ப நிலத்திலோ வாடகை நிலத்திலோ முதல் தடவை தோட்டம் போடுகிறவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பயிர் குலாய் என்கிற நீளச் சிவப்பு மிளகாய், மேட்டுப் பாத்தி, மேலே சில்வர்ஷைன் என்கிற வெள்ளி நிறப் போர்வைப் பிளாஸ்டிக், உள்ளே சொட்டு நீர் டேப். கத்தரிக்கும் வெண்டைக்கும் வழிமுறை இதேதான், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

முதலில் கிணறு

கிணறு இன்னும் தோண்டவில்லை என்றால், துளை போடுகிற ஆளைக் கூப்பிடும் முன் நில அலுவலகத்திலும் கனிம, புவி அறிவியல் துறையிலும் கேட்டுவிடுங்கள். நாம் ஜேஎம்ஜி என்று சொல்வது அந்தத் துறையைத்தான். நிலமும் தண்ணீரும் மலேசியாவில் மாநில அரசின் கையில் இருப்பவை. பக்கத்துத் தோட்டக்காரர் கேட்காமல் தோண்டினார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

கிணறு ஏற்கெனவே இருந்தால், அதைத் தோண்டியவர் கொடுத்த தாளைத் தேடி எடுங்கள். எத்தனை மீட்டர் ஆழம், வடிகட்டிக் குழாய் எந்த ஆழத்தில் இருக்கிறது, தோண்டிய அன்று தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது ஆகிய மூன்றும் அதில் இருக்கும். தாள் தொலைந்துவிட்டதா? பெரும்பாலும் அப்படித்தான். அப்போது நாமே அளக்க வேண்டியதுதான்.

மோட்டரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் வருகிற வேகத்தை நம்ப வேண்டாம், கிணற்றுக்குள் சேர்ந்து நிற்கிற தண்ணீர் அது. ஒரு மணி நேரம் கழித்து 20 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, கைப்பேசியில் நேரம் பாருங்கள். 40 விநாடியில் வாளி நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1,800 லிட்டர். உள்ளூர்க் கணக்கில் 400 கேலன் டேங்க் ஒன்று ஒரு மணி நேரத்தில் நிறையும். இந்த 1,800-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்பத் தேவைப்படும். உங்கள் கிணற்றுக்கு வேறு எண் வரும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டரை நிறுத்தி ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் நைலான் கயிற்றில் ஒரு பெரிய போல்ட்டைக் கட்டி இறக்குங்கள். தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும் இடத்தில் கயிற்றில் முடிச்சு. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஒரு தடவை. கயிறு மோட்டர் வயரில் சிக்காமல் மெதுவாக இறக்குங்கள். இரண்டு முடிச்சுக்கும் நடுவில் உள்ள தூரம், இறைக்கும்போது மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் காட்டும். அந்தத் தூரம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், கிணறு தருவதற்கு மேல் நாம் கேட்கிறோம், அல்லது வடிகட்டிக் குழாய் அடைபடுகிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டிய மோட்டர் வெறும் காற்றை இழுத்தால் சீக்கிரமே எரிந்துபோகும். அதனால் தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கும் கருவியை முதல் நாளே பொருத்திவிடுவது நல்லது.

கடைசியாக உப்பு. நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் இசி மீட்டர் ஒன்றை வாங்கி, உரம் எதுவும் கலக்காத கிணற்றுத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 0.7-க்குக் கீழே என்றால் கவலையில்லை. மிளகாய்க்கு 1.0 வரை விளைச்சல் குறையாது, 1.5 போனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அட்டவணை. கடலோரம் இருப்பவர்கள் இதை மாதம் ஒரு முறையாவது அளக்க வேண்டும். கரைக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீருக்கு அடியில் உப்புத் தண்ணீர் இருக்கும். மேலே இருப்பதை வேகமாக இறைத்தால் கீழே இருப்பது ஏறி வரும். வந்தபின் அதைத் திருப்பி அனுப்புவது லேசில்லை.

செடிக்கு எவ்வளவு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். மழையும் செடியின் தாகமும் மில்லிமீட்டரில் வரும், கிணறும் டேங்கும் லிட்டரில் வரும். இந்த ஒரு கணக்கு இரண்டையும் சேர்த்துவிடுகிறது.

நம் பக்கத்தில் வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 மி.மீ. தண்ணீரை உறிஞ்சும். புல் மூடிய நிலத்தை அடிப்படையாக வைத்த அளவு அது. அதை மிளகாய்க்கு மாற்ற ஒரு பெருக்கெண் உண்டு: நட்ட புதிதில் 0.6, செடி நிறைந்து காய்க்கும்போது 1.05, முடிவில் 0.9. பிளாஸ்டிக் போர்த்திய பாத்தியில் மண்ணிலிருந்து ஆவியாவது குறைவதால் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆக, மழையில்லாத நல்ல வெயில் நாளில் காய்ப்பில் இருக்கும் செடிக்கு 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

கால் ஏக்கர் என்பது சுமார் 1,000 சதுர மீட்டர். 4 மி.மீ. என்றால் 4,000 லிட்டர். டேப்பில் போகும் வழியில் வீணாவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 4,400 லிட்டர். நம் கிணற்றில் அதற்கு இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவாக இறைத்தால் போதும். இதுதான் உச்சவரம்பு. மேகமூட்டமான நாளில் பாதி போதும். நட்டு இரண்டு வாரமே ஆன செடிக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, மண்ணைப் பார்த்துக் கூட்டுங்கள். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று தினமும் ஓடவிடுகிற தோட்டங்கள் நிறைய இருக்கின்றன. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இந்தக் கணக்கைப் போட்டதும் இன்னொன்று வெளியே வரும். பாத்திக்குப் பாத்தி ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால் கால் ஏக்கரில் 660 மீட்டருக்கு மேல் டேப் ஓடும். 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, துளைக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்றால் மொத்தம் மணிக்கு 2,200 லிட்டர் கேட்கும். கிணறு தருவதோ 1,800. எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் விழும், மோட்டர் பக்கத்து வரிசை குளிக்கும், கடைசி வரிசை காயும். "மோட்டர் சின்னது, பெரிசா மாத்துங்க" என்று கடையில் சொல்வார்கள். மாற்ற வேண்டாம். தோட்டத்தை இரண்டு பிரிவாகப் பிரித்து நடுவில் ஒரு வால்வு போடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு மணி நேரம். ஒரு வால்வின் விலையில் முடிகிற வேலைக்குப் பெரிய மோட்டர் வாங்கினால், கிணற்று மட்டம் வேகமாக இறங்குவதுதான் கிடைக்கிற கூடுதல் பலன்.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது

மணல் மண் ஒரு மீட்டர் ஆழத்தில் 25 முதல் 100 மி.மீ. வரைதான் செடிக்குக் கிடைக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வண்டல் கலந்த மண் 100 முதல் 175, களிமண் அதற்கும் மேல். மிளகாயின் வேலை செய்யும் வேர் பெரும்பாலும் மேல் 30 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வண்டல் மண்ணில் 40 மி.மீ. சேமிப்பு. மிளகாய் கொஞ்சம் நாசூக்கான பயிர், சேமிப்பில் 30 விழுக்காடு குறைந்ததுமே முகம் சுளிக்கும். அப்படியானால் 12 மி.மீ., நாளுக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் அது மூன்று நாள் தாங்கும். மணல் மண்ணில் ஒன்றரை நாள்தான். கடலோரக் களிமண்ணில் தினமும் தண்ணீர் விடுவது, பசிக்காத பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி.

கருவி எதுவும் இல்லாமல் பார்க்க ஒரு வழி: பிளாஸ்டிக்கை விலக்கி, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, 20 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுங்கள். மேல் மண் வேண்டாம், அது ஏமாற்றும். இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்றைக்கு மோட்டர் வேண்டாம். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் தட்டினால் உடைந்தால் சரியான ஈரம். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் தாமதமாகிவிட்டது. களிமண்ணில் மட்டும் ஒரு திருத்தம் உண்டு. அது காய்ந்து வரும்போதும் உருண்டை பிடிக்கும், அதனால் விரலால் நீட்டிப் பாருங்கள், நாடா மாதிரி நீளாமல் விரிசல் விட்டால் தண்ணீர் விடும் நேரம். வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று இடங்களில் செய்து பார்த்தால் ஒரு மாதத்தில் கைக்கே தெரிந்துவிடும்.

கையை நம்பாதவர்கள் டென்சியோமீட்டர் வாங்கலாம். முனையில் பீங்கான் வைத்த, தண்ணீர் நிரப்பிய குழாய் அது. வேர் எவ்வளவு சிரமப்பட்டு நீரை இழுக்கிறது என்பதை முள் காட்டும். மிளகாய்க்கு 20 முதல் 25 சென்டிபார் வந்ததும் தண்ணீர் விடலாம். பத்துக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தால் மண் சொதசொதவென்று இருக்கிறது என்று அர்த்தம். விலை கூடிய எலெக்ட்ரானிக் சென்சார்களை முதல் பயிருக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். அவை நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் கைமண்ணைப் பார்க்காமல் செயலியைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

"அண்ணே, ரெண்டு வேளையும் தண்ணி விடுறேன், செடி அப்படியே தொங்குது." இந்த ஃபோன் எனக்கு அடிக்கடி வரும். உச்சி வெயிலில் தொங்கி, மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே தொங்கினால் தண்ணீரைக் கூட்டாதீர்கள், செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பழுப்பாக அழுகியிருந்தால் ஈரம் மிஞ்சி வேரழுகல் பிடித்திருக்கிறது. வேர் ஓரளவு நன்றாக இருந்தால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு சாண் துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரில் வெட்டுமுனை நீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து வெள்ளை நூல் மாதிரி பால் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடியை எடுத்து எரிப்பதைத் தவிர வழியில்லை. அந்த வரிசையிலிருந்து ஓடும் தண்ணீர் அடுத்த வரிசைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நோய் தண்ணீரில்தான் நடந்து போகும்.

கப் வைத்துப் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

தே ஐஸ் வாங்கும் பிளாஸ்டிக் கப் 16 போதும். கூடவே மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு அளவுக் குவளை. ஒரு பிரிவில் நான்கு வரிசைகளைத் தேர்ந்தெடுங்கள்: முதல் வரிசை, மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஒன்று, கடைசி வரிசை. ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடுவில் இரண்டு, கடைசி என நான்கு துளைகள். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் விலக்கி, டேப்புக்குக் கீழே சின்னக் குழி எடுத்து, கப்பை வாய் மண்மட்டத்துக்கு வரும்படி இறக்குங்கள். துளையிலிருந்து வரும் தண்ணீர் கப்புக்குள் விழாமல் டேப்பின் அடியிலேயே வழிந்து ஓடப் பார்க்கும். அதைத் தடுக்க துளைக்கு இரு பக்கமும் ஒரு துண்டு நூலைக் கட்டிவிட்டால் தண்ணீர் நூலைப் பிடித்துக் கப்பில் இறங்கும்.

மோட்டரைப் போட்டு, அழுத்தம் நிலைத்தபின் சரியாக 6 நிமிடம். மணிக்கு ஒரு லிட்டர் துளை என்றால் கப்பில் 100 மில்லி இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். பதினாறின் சராசரி என்ன? மிகக் குறைந்த நான்கின் சராசரி என்ன? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உங்கள் தோட்டத்தின் மார்க் கிடைத்துவிடும். 90 விழுக்காட்டுக்கு மேல் பிரமாதம், 80-க்கு மேல் நல்லது, 70-க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, மொத்தச் சராசரி 88 மில்லி, மிகக் குறைந்த நான்கின் சராசரி 58 என்று வந்தால் மார்க் 66. இதன் பொருள் என்ன? மெலிந்த வரிசைக்குப் போதுமான தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் மோட்டரை ஒன்றரை மடங்கு நேரம் ஓட்டுவீர்கள், 4,000 லிட்டர் 6,000 ஆகும். கடைசி வரிசை பிழைக்கும், முதல் வரிசை மூழ்கும். முதல் வரிசையில் வேரழுகலும் கடைசி வரிசையில் பூ உதிர்தலும் ஒரே தோட்டத்தில் ஒரே வாரத்தில் நடப்பது இப்படித்தான். மருந்துக்கடைக்குப் போனால் இரண்டுக்கும் இரண்டு பாட்டில் கொடுப்பார்கள்.

மார்க் குறைந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கப்கள் எந்த ஒழுங்கில் குறைகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கப் மட்டும் குறைவு என்றால் டேப் நீளம் அதிகம், அல்லது முனையில் கசடு சேர்ந்திருக்கிறது. கடைசி வரிசை முழுவதுமே குறைவு என்றால் பிரதானக் குழாய் குறுகியது, அல்லது பிரிவு பெரிது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. டேப் முனைகளைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுவதை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண டேப்புக்கு 0.7 முதல் 1 பார் வேண்டும். ஒரு பார் என்பது 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர். மூன்று மீட்டர் ஸ்டாண்டில் டேங்க் வைத்தால் கிடைப்பது 0.3 பார்தான். ஸ்டாண்டில் டேங்க் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்துக் கட்டிவிட்டவர்கள், வரிசை நீளத்தைக் குறைக்க வேண்டும் அல்லது டேங்குக்கும் டேப்புக்கும் நடுவில் ஒரு சின்ன மோட்டர் வைக்க வேண்டும்.

இரும்புக் கலந்த தண்ணீர்

டியூப் வெல்லில் அடைப்புக்கு முதல் காரணம் இதுதான். இறைக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். தெளிந்த மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, மூடாமல் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காலையில் ஆரஞ்சு நிறமாகி, அடியில் துருப்பொடி படிந்திருந்தால் இரும்பு உண்டு. பூமிக்கடியில் கரைந்திருப்பது காற்றுப் பட்டதும் துருவாகிறது, அதைத் தின்று வளரும் பாக்டீரியா பழுப்புச் சளியாகத் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வடிகட்டி மட்டும் வைத்துத் தப்பிக்க முடியாது.

வழி எளிது: துரு பிடிக்க வேண்டியது டேப்புக்குள் இல்லாமல் டேங்கிலேயே பிடிக்கட்டும். கிணற்றுக் குழாயின் முனையில் ஷவர் தலை மாதிரி துளையிட்ட மூடியை மாட்டி, டேங்குக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தூறலாக விழவிடுங்கள். இரவு முழுக்க நிற்கட்டும். தோட்டத்துக்குப் போகும் குழாயை டேங்கின் அடியிலிருந்து எடுக்காமல் ஒரு முழம் மேலே எடுங்கள். அடியில் கசடு கழுவ ஒரு தனி வால்வு. அதற்குப் பிறகு 120 மெஷ் டிஸ்க் வடிகட்டி. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருந்தால் எப்போது கழுவ வேண்டும் என்று அதுவே சொல்லும்.

சளி பிடித்த டேப்பைக் குளோரின் விட்டுக் கழுவுகிறவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் அன்றைக்கு அந்தக் குழாயில் ஆசிட்டோ உரமோ இருக்கக் கூடாது. குளோரினும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது விஷவாயு. மூடிய கொட்டகைக்குள் அந்த வேலையே வேண்டாம்.

எப்போது விடுவது

இங்கே பஞ்சாப் கோதுமையிடம் ஒரு பாடம் படிக்கலாம். அங்கே விதைத்த 21-ஆம் நாளை ஒட்டிப் பயிரின் அடியிலிருந்து புது வேர்க்கொத்து கிளம்பும். ஒரே ஒரு தண்ணீர்தான் விட முடியும் என்றால் அந்த நேரத்தில் விடு என்று அங்கே விவசாயம் படிக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்ற நாளில் இரண்டு மடங்கு விட்டாலும் அந்த ஒன்றைத் தவறவிட்டதற்கு ஈடாகாது. மிளகாயில் அந்த இடம் பூக்கும் பருவமும் பிஞ்சு பிடிக்கும் பருவமும். அப்போது இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் வெள்ளமாக விட்டால் பூ கொட்டும், காயின் நுனி கறுத்து அழுகும். நுனி கறுப்பதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பார்கள். உரத்தில் சுண்ணாம்பு தாராளமாக இருந்தும் கறுக்கிறது என்றால் தண்ணீர் ஏறி இறங்குவதுதான் காரணமாக இருக்கும், அந்தச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது.

நாளுக்குள் என்றால், காலை ஏழு, எட்டு மணிக்கு ஒரு பங்கு, மதியத்துக்கு மேல் ஒரு பங்கு. மாலை ஐந்துக்குப் பிறகு வேண்டாம், இரவெல்லாம் வேர் ஈரத்தில் நிற்கும்.

பொலிபேக்கில் கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) போட்டு வளர்க்கிறவர்களுக்கு மண் கணக்குப் பொருந்தாது. பையின் சேமிப்பு ஒரு நாள்கூடத் தாங்காது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஐந்து, ஆறு தடவை. இரண்டு பைகளைத் தட்டின் மேல் வைத்து, அடியில் வடியும் தண்ணீரை மாலையில் அளந்தால் போதும்: விட்டதில் 10 முதல் 20 விழுக்காடு வடிந்தால் சரி. வடிவதின் இசி, விட்டதைவிட மிகவும் கூடியிருந்தால் உப்புச் சேர்கிறது, கொஞ்சம் கூட்டி விடுங்கள். பாதிக்குப் பாதி வடிந்தால் உரக்கடைக்காரருக்குத்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள். அடர்த்தியான ஏ கரைசலையும் பி கரைசலையும் ஒரே வாளியில் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால், இரண்டும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து, டேப்பை இரும்பைவிட மோசமாக அடைக்கும்.

மழை

நேர்ச் சுவருள்ள ஒரு டின்னைத் திறந்தவெளியில் வைத்து, காலையில் ஸ்கேல் விட்டுப் பார்த்தால் மழைமானி ஆயிற்று. 10 மி.மீ. மழை என்றால் கால் ஏக்கரில் 10,000 லிட்டர், நம் கணக்கில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர். ஆனால் சில்வர்ஷைன் போட்ட பாத்தியில் அவ்வளவும் உள்ளே போகாது, பாதி வாய்க்காலுக்கு வழிந்துவிடும். களிமண்ணில் பக்கவாட்டில் ஊறி வரும், மணலில் வராது. எனவே மழை பெய்த மறுநாள் டின்னை மட்டும் பார்க்காமல் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒரு பிடி மண்ணையும் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் வாய்க்காலில் தண்ணீர் நிற்காமல் வெட்டிவிடுவதுதான் பாசன வேலை. பாத்தி 30 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும்.

முதலில் வாங்க வேண்டியவை, என் கணக்கில்: இசி மீட்டர், டிஸ்க் வடிகட்டி, அழுத்தமானி. தைமரை மூன்றாவது மாதம் வாங்குங்கள். மண் என்ன கேட்கிறது என்று தெரியும் முன் தைமர் வைத்தால், தப்பான நேரத்தைத் தினமும் தவறாமல் ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் தைப்பூசத்துக்கு முன் அது வேண்டும். ஜனவரி, பிப்ரவரிதான் இங்கே வறண்ட மாதங்கள், வீட்டோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விடுகிற அந்த இரண்டு நாளும் சரியாகக் காய்ப்பு நேரத்தில் வரும். தைமரை ஒரு வாரத்துக்கு முன்பே ஓடவிட்டு, கூடவே நின்று பார்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் கிணற்று மட்டமும் இறங்கும். வாளி 40 விநாடியில் நிறைந்தது 55 ஆகலாம். அப்போது ஒரே மூச்சாக இறைக்காமல், விடியற்காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என நடுவில் கிணற்றை ஊறவிட்டு டேங்கை நிரப்புங்கள். எல்லாப் பிரிவுக்கும் பற்றாது என்றால் பாதிப் பாதியாக எல்லாருக்கும் பங்கு போடாதீர்கள். பூவும் பிஞ்சுமாக இருக்கும் பிரிவுக்கு முழு அளவு, பறித்து முடியப்போகும் பழைய பிரிவுக்கு மிச்சம். கடலோரக் கிணறாக இருந்தால் இந்த இரண்டு மாதமும் இசியை வாரம் ஒரு தடவை அளந்து, 1.0-ஐத் தாண்டினால் இறைப்பதைப் பாதியாகக் குறைத்து, மறுநாள் காலை மோட்டர் போடும் முன் மறுபடி அளந்து பாருங்கள்.